கோட்டுக்கு மேலே

ஹா செகோட்டி
12 செப்டம்பர் 2004

அன்புள்ள மதுமெலோ,

ஏழு கிலோ தொள்ளாயிரம்! முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் மூச்சு விடு. மூன்று மாதம்தான் ஆகிறது உன் மகளுக்கு. நர்ஸ் தராசை இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தனை தாய்மார்களுக்கும் கேட்கும்படி எடையைக் கூவினாள். பெண்கள் குலவையிட்டார்கள். நானே பெற்றதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பிள்ளை பெறாமல் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டும்.

நர்ஸ் உன் புசேயை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, “பாருங்கடி, பிள்ள வளக்குறதுன்னா இப்படி வளக்கணும்” என்றாள். மசெசாபாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அவள்தான் போன மாதம் ஊற்றடியில் எல்லாரும் கேட்க, “தாயி மார்ல போடாத பிள்ளைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல” என்று இழுத்தவள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அந்த நோயின் பெயரை இங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. பிள்ளை மெலிந்தால் போதும், சொல்லாமலே சொல்லிவிடுவார்கள். உன் மூத்தவன் துமெலோ மெலிந்தபோது அப்படித்தான் சொன்னார்கள். இந்தத் தடவை அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தரப்போவதில்லை.

நீ அனுப்பும் பால்பவுடரை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கரைத்தால் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நான் ஒரு கரண்டி கூடப் போடுகிறேன். ஏழாவது வாரத்திலிருந்தே அதில் சோளக் கஞ்சியும் கலக்கிறேன். கஞ்சி இறங்க வேண்டுமே, புட்டி ரப்பரின் ஓட்டையை ஊசியைச் சுட்டுப் பெரிதாக்கினேன். கொஞ்சம் சர்க்கரை. குடித்துவிட்டு அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறாள். அழுவதே இல்லை. அழ வாயைத் திறந்தால் புட்டி ரெடியாக இருக்கும்.

என் தம்பி மொலெஃபி இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சுரங்கம் அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. அவன் மகள் பொம்மை மாதிரி இருக்கிறாள். நீ கவலையில்லாமல் ஆலையில் தைக்கப் போ.

உன் நாத்தனார்
லிசெபோ

---

மசேரு
3 அக்டோபர் 2004

லிசெபோ அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வேன் டிரைவர் கோவாலி ஐயா ஆலை வாசலிலேயே வந்து கொடுத்தார். அதைக் கழிப்பறையில் வைத்துப் படித்தேன். அங்கேதான் சூப்பர்வைசர் வரமாட்டாள்.

ஏழு கிலோ தொள்ளாயிரம் என்று எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தேன். துமெலோவுக்கு ஒரு வயது தாண்டியும் அந்த எடை வரவில்லை. அவன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் எல்லாரும் என்னை மதுமெலோ, துமெலோவின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவனுடைய விலா எலும்புகள்தான் கண்முன் வருகின்றன. இழந்ததற்கு ஈடாக வந்தவள் என்று இவளுக்கு நீங்கள்தான் புசெலெட்சோ என்று பெயர் வைத்தீர்கள். அது பலிக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே கிளினிக்கில் ஆறு மாதம்வரை புட்டிப்பால் தவிர வேறு எதுவும் கூடாது என்றார்கள். கஞ்சி வேண்டாம் என்றார்கள். பவுடரும் அளவாகத்தான் போட வேண்டுமாம். யாராவது பாசத்தில் அவளை மார்பில் போட்டுக்கொள்ளவும் விடாதீர்கள். காரணம் கேட்காதீர்கள், அக்கா.

ஆனால் அவள் அழாமல் தூங்குகிறாள் என்றால், உங்களுக்குத் தெரியாததா? பிள்ளையை ஆறாவது வாரத்தில் விட்டுவிட்டு வந்தவள் நான். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள்.

பவுடர் டப்பாவை மட்டும் யார் கண்ணிலும் படாமல் வையுங்கள். காப்பித்தூள் டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டால் நல்லது.

மதுமெலோ

---

ஹா செகோட்டி
20 ஜூன் 2005

மதுமெலோ,

ஒரு வயது முடிந்தது. பதின்மூன்றரை கிலோ! எடைப் புத்தகத்தில் மேல்கோடு ஒன்று, கீழ்க்கோடு ஒன்று இருக்கிறதே, துமெலோவின் புள்ளிகள் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய் முடிந்தன. புசேயின் புள்ளி மேல்கோட்டையும் தாண்டிவிட்டது. கட்டத்துக்குள் இடமில்லாமல் நர்ஸ் ஓரத்தில் வெற்றுத் தாளில் வைத்தாள். “இதுக்கு மேல வளந்தா அட்டையிலதான் வைக்கணும்” என்று சிரித்தாள்.

மசெசாபா இப்போது வாயைத் திறப்பதில்லை. நேற்று அவளாகவே வந்து, என்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள். “அன்பத்தான் குடுக்குறேன்” என்றேன். வயிறு எரிந்து போனாள்.

லிசெபோ

---

மசேரு
18 ஜனவரி 2015

லிசெபோ அக்காவுக்கு,

கடைக்குப் போன் செய்து உங்களைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். அந்தக் கடையில் பேசினால் ஊரே காது கொடுத்துக் கேட்கும். அதனால்தான் பழையபடி கோவாலி ஐயா கையில் கடிதம்.

புசே என்னோடு இருக்கிறாள். இனி இங்கேதான் இருப்பாள். ஆலைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். முதல் நாளே பையன்கள் “மாவு மூட்ட வந்துடுச்சு, டெஸ்க்க பலமாப் பிடிங்கடா” என்றார்களாம். அதை அழாமல் என்னிடம் சொன்னாள். பழகிப்போனதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

பத்தரை வயதில் எழுபத்தோரு கிலோ. கழுத்தில் கறுப்பாகப் பட்டை பட்டையாக இருக்கிறதே, அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறீர்கள். அது அழுக்கு இல்லை. சர்க்கரை நோய் வரலாம் என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளம் என்று டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீர்கள்.

போன மாதம் இங்கே ஆஸ்பத்திரியில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. “கைக்குழந்தையா இருக்கும்போது என்ன குடுத்தீங்க?” என்று அவர் கேட்டார். நீங்கள் கொஞ்சம்கூடத் தயங்காமல், பரிசு வாங்க மேடை ஏறியவள்போல, ஏழாவது வாரம் கஞ்சி, கூட ஒரு கரண்டி பவுடர், சர்க்கரை, ஊசியால் பெரிதாக்கிய ஓட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார். “சின்னதுலயே இவ்ளோ வேகமா எடை ஏறுன பிள்ளைங்கள்ல நிறையப் பேர் பின்னாடியும் கனமாத்தான் இருக்காங்க. எல்லாரும் இல்ல. தாய்ப்பால் குடிச்சதுலயும் குண்டு உண்டு. இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அழும்போதெல்லாம் புட்டி வச்சா, வயிறு நெறஞ்சிருச்சான்னு பிள்ளைக்கே தெரியாமப் போயிடும்” என்றார்.

வராந்தாவில் நான் கத்தியது தப்புத்தான். கிறிஸ்துமஸுக்குப் பன்றியைக் கொழுக்க வைப்பதுபோல என் பிள்ளையைக் கொழுக்க வைத்தீர்கள் என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதை நினைத்து வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இன்னும் இல்லை.

மதுமெலோ

---

ஹா செகோட்டி
8 பிப்ரவரி 2015

மதுமெலோ,

பன்றி என்றாய். வராந்தாவில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாய். ஒரு வாரம் நான் சாப்பிடவில்லை. சந்தோஷப்படு, நானாவது மெலிந்தேன்.

பத்து வருஷமாக உன் மகளுக்கு யார் பீ மூத்திரம் அள்ளினார்கள்? அம்மை போட்டபோது பதினெட்டு நாள் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்? நீ கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வருவாய். வரும்போது கை நிறையப் பிஸ்கட்டும் கலர் சோடாவும் கொண்டுவருவாய். அதில் கொழுப்பு ஏறவில்லை, என் கஞ்சியில் மட்டும்தான் ஏறியதா?

அந்த டாக்டருக்கு வயது இருபத்தெட்டு இருக்குமா? மரத்தடியில் என் பிள்ளையைத் தூக்கிக் காட்டிக் குலவை போட வைத்த நர்ஸும் வெள்ளை உடுப்புக்காரிதான். அன்றைக்குக் கோட்டுக்குக் கீழே போனால்தான் பயப்படச் சொன்னார்கள். மேலே போனால் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருந்தால் நான் கேட்காமலா இருப்பேன்?

இன்னொன்றும் கேட்கிறேன். இதைப் பத்து வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன். பால் வற்றிவிட்டது என்றாய். ஆறாவது வாரம் நீ வேனில் ஏறியபோது பிள்ளை அழுதது. உன் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது. போர்வையால் மூடிக்கொண்டாய். நான் பார்த்தேன். பால் இருந்தது, மதுமெலோ. வழிந்து ஓடும் அளவுக்கு இருந்தது. அதை ஒரு நாள்கூட நீ அவளுக்குக் கொடுக்கவில்லை. மார்பு தொங்கிப்போகும் என்று பயந்தாயா? ஆலையில் வேலை போய்விடும் என்றா? உன் பாலைக் குடித்து வளர்ந்திருந்தால் அவள் இப்படி ஆகியிருப்பாளா?

பிள்ளையைப் பெற்றுவிட்டு மார்பை மூடிக்கொண்டவள், புட்டி கொடுத்தவளைக் குற்றம் சொல்லக் கூடாது.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவளுடைய தட்டை இன்னும் எடுத்து வைக்கவில்லை. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லிசெபோ

---

மசேரு
15 மார்ச் 2015

லிசெபோ அக்கா,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

பால் இருந்தது. நீங்கள் பார்த்தது உண்மை.

புசே வயிற்றில் இருந்தபோது ஆலைக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு அந்த நோய் இருக்கிறது, அக்கா. பெயரைச் சொல்லாமலே சொல்வார்கள் என்று எழுதினீர்களே, அதேதான். மொலெஃபி செத்தது வெறும் சுரங்கத் தூசியால் மட்டும் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

துமெலோவை நான் பதினாலு மாதம் மார்பில் போட்டு வளர்த்தேன். ஊரே பாராட்டும்படி வளர்த்தேன். அவன் குடிக்கக் குடிக்க மெலிந்தான். அவனை என் பால்தான் கொன்றது என்று கிளினிக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நர்ஸ் சொன்னாள்: “ஒண்ணு ஆறு மாசம் உன் பால் மட்டும் குடு. இல்ல, புட்டி மட்டும் குடு. ரெண்டையும் மாத்தி மாத்திக் குடுத்துடாத, அது ரொம்ப ஆபத்து.” ஆறு வாரத்தில் நான் ஆலைக்குத் திரும்ப வேண்டும். பால் மட்டும் கொடுக்க நான் எங்கே இருக்கப்போகிறேன்? அதனால் புட்டி.

ஆறு வாரமும் நீங்கள் தூங்கியபிறகு பாலைப் பீய்ச்சி வாசலில் ஊற்றினேன். பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டு என் மார்பை முட்டும். திரும்பிப் படுத்துக்கொள்வேன். 

ஒன்றரை வயதில் சளி என்று சொல்லி அவளை மசேருவுக்கு வரவழைத்தேனே, அது சோதனைக்குத்தான். அவளுக்கு நோய் இல்லை. சுத்தமாக இல்லை. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். பத்து வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மாத்திரை சாப்பிடுகிறேன், நன்றாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். சொன்னால் பிள்ளையை வீட்டுக்குள் விடமாட்டீர்களோ என்று பயந்தேன். இதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மதுமெலோ

---

ஹா செகோட்டி
6 ஏப்ரல் 2015

மதுமெலோ,

அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் மூன்று தடவை படித்தேன்.

முதலில் உன்மேல் வந்த கோபத்தைச் சொல்கிறேன். பிள்ளையை உள்ளே விடமாட்டேன் என்று நினைத்தாயா? என்னையா? என் தம்பி இரத்தத்தை? அடிப் பாவி!

மசெசாபா ஊற்றடியில் சொன்னது உண்மை. அந்த உண்மையைப் பொய் என்று நான் பத்து வருஷம் ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். எதை வைத்துச் சண்டை போட்டேன்? பிள்ளையின் உடம்பை வைத்து. “பாருங்க, இவ கன்னத்தப் பாருங்க, இவ தொடையப் பாருங்க, நோயாளி பெத்த பிள்ளையா இது?” என்று வாசலில் உட்கார்ந்து ஊட்டினேன். அவள் போதும் போதும் என்று தலையைத் திருப்புவாள். இன்னும் ஒரு வாய், மசெசாபா பார்க்கிறாள், வாங்கிக்கோடி என்பேன். பிள்ளை பசிக்காகச் சாப்பிடவில்லை. என் ரோஷத்துக்காகச் சாப்பிட்டாள். நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று இருந்திருப்பேன். இருந்திருப்பேனா? தெரியவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு பேரும் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தோம். நினைத்து நினைத்து என்ன செய்துவைத்திருக்கிறோம் பார்.

அவளைத் திருப்பி அனுப்பு என்று கேட்கமாட்டேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. நீ மாத்திரையை விட்டுவிடாதே.

லிசெபோ

---

மசேரு
7 ஜூன் 2015

என் லிசெபோ அக்காவுக்கு,

இது நல்ல செய்திக் கடிதம். உட்கார்ந்து படியுங்கள்.

புசே மெலிகிறாள்! பிப்ரவரி, மார்ச் முழுக்க ஒன்றும் அசையவில்லை. சர்க்கரையை நிறுத்தினேன், பொரித்த மாவு உருண்டையை நிறுத்தினேன், களியைப் பாதியாக்கிக் கீரையைக் கூட்டினேன், பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப் போனேன். தராசு முள் கல் மாதிரி நின்றது. மே மாதம் திடீரென்று விழ ஆரம்பித்தது. மருந்துக் கடைத் தராசில் வாராவாரம் ஏற்றுகிறேன். ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ போய்விட்டது, அக்கா! ஆலையில் எல்லாருக்கும் சொன்னேன். “எங்களுக்கும் அந்த வித்தையச் சொல்லிக் குடு” என்கிறார்கள்.

கலர் சோடா பக்கம் திரும்புவதே இல்லை. தண்ணீர்தான். குடம் குடமாகக் குடிக்கிறாள். இரவில் எழுந்து எழுந்து வெளியே போகிறாள், அது ஒன்றுதான் தொல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துவிடுகிறாள். நடந்து பழக்கமில்லாத உடம்புதானே, பழகிவிடும். 16ஆம் தேதி பதினொன்று முடிகிறது. அதற்குள் ஐம்பதுகளில் வந்துவிட வேண்டும் என்று அவளே சொல்கிறாள்.

ஏப்ரலில் இரத்தச் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தார் அந்த டாக்டர். வெறும் வயிற்றில் கூட்டிவரச் சொன்னார். அந்த வாரம் ஆலையில் கப்பலுக்குச் சரக்கு முடிக்க வேண்டும் என்று யாருக்கும் லீவு தரவில்லை. பிறகு போகலாம் என்றிருந்தேன். இப்போதுதான் எடை தானாகவே இறங்குகிறதே.

நம் இரண்டு பேர் தப்பும் சரியாகிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுமெலோ

---

ஹா செகோட்டி
14 ஜூன் 2015

மதுமெலோ,

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. ஆலைச் சரக்கு கடலில் மூழ்கட்டும்.

பிள்ளைகள் மெலிவதை நான் பார்த்திருக்கிறேன். துமெலோவைப் பார்த்தேன், மொலெஃபியைப் பார்த்தேன். உழைத்து மெலிகிறவர்கள் சுறுசுறுப்பாக இருப்பார்கள். உள்ளே ஏதோ ஒன்று தின்று மெலிகிறவர்கள்தான் வந்ததும் படுத்துக்கொள்வார்கள். ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ கீரையால் போகாது.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அந்தச் சோதனைத் தாள் உண்மைதானா? அவளுக்கு அது இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா? ஒன்றரை வயதில் தெரியாமல் இப்போது வந்திருக்குமோ? உன் பாலை யாராவது, எப்போதாவது, அந்த ஆறு வாரத்தில் நீயே ஒரு தடவை மனம் தாங்காமல் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல். நான் திட்டமாட்டேன்.

என்னவாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போ.

லிசெபோ

---

மசேரு
21 ஜூன் 2015

லிசெபோ அக்காவுக்கு,

ஆக, நீங்களும் மசெசாபாவாகிவிட்டீர்கள்.

உங்களை நம்பித்தான் அந்த உண்மையைச் சொன்னேன். மூன்று மாதத்தில் அதையே எடுத்து என் மகள்மேல் வீசுகிறீர்கள். அவளுக்கு அது இல்லை. ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, இரண்டு தாளும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒரு தடவைகூட, ஒரு சொட்டுகூட நான் கொடுக்கவில்லை. அந்த ஆறு வாரத்தைத் தாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா இது?

உங்களுக்குப் பிள்ளை குண்டாக இருந்தால்தான் கண் குளிரும். மெலிந்தால் நோய். எத்தனை டாக்டர் சொன்னாலும் அது உங்களை விட்டுப் போகாது.

முந்தாநாள் வகுப்பில் ஒருவனும் அவளை மூட்டை என்று கூப்பிடவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் விடமாட்டேன்.

ஆலை விடுமுறை ஜூலை நடுவில் வருகிறது. அப்போது சோதனைக்குக் கூட்டிப்போகிறேன். அதுவரை இதைப் பற்றி எழுதாதீர்கள்.

மதுமெலோ

---

ஹா செகோட்டி
1 ஜூலை 2015

மதுமெலோ,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஆனால் இதைக் கேள்.

கோவாலி ஐயா உன் கடிதத்தை வாங்க வந்த அன்றைக்குப் புசேயைப் பார்த்திருக்கிறார். என்னிடம் இப்போதுதான் சொல்கிறார்: “பிள்ள வாசப்படியில உக்காந்திருந்துச்சு. உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. குனிஞ்சு பேசினேன், வாயில அழுகின பீச் பழ வாசம். எனக்கு ஒண்ணும் புரியல. மயக்கத்துல இருக்குற மாதிரி பதில் சொல்லுச்சு.” ஏனய்யா அன்றே சொல்லவில்லை என்று அவர் சட்டையைப் பிடித்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அது அந்த நோய் இல்லை என்றால் இல்லை. நான் கேட்டது தப்பு. உன் காலில் விழுகிறேன். ஆனால் வேறு ஏதோ இருக்கிறது.

நானே வரலாம் என்று பையைக் கட்டினேன். சனிக்கிழமையிலிருந்து பனி. மலைப்பாதை மூடிவிட்டது, கோவாலி ஐயாவின் வேனும் இங்கேயே நிற்கிறது. கடை போனுக்கு மூன்று நாளாக டவர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் குதிரையில் கீழே இறங்குகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். வேன் ஓடினால் முதல் வேனில் நான் இருப்பேன்.

கூட்டிக்கொண்டு போ, என் தாயே. இன்றைக்கே.

லிசெபோ

---

மசேரு
6 ஜூலை 2015

அக்கா,

வாத்தியார் கொடுத்தனுப்பிய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அப்போது நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் முனகினாள். மூச்சு ஓடி வந்தவள்போல வாங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். தூக்க முடிந்தது, அக்கா. கைக்குழந்தையாக இருந்த நாளுக்குப் பிறகு அவளை நான் தூக்கியதே அன்றைக்குத்தான்.

விரலில் குத்தி மெஷினில் வைத்தார்கள். எண் வரவில்லை. அந்த மெஷின் காட்டக்கூடிய எண்ணையெல்லாம் சர்க்கரை தாண்டிவிட்டது என்றார்கள். அதே டாக்டர்தான் வந்தார். “ஏப்ரல்ல ஏன் வரல?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாப்பிட்டது உடம்பில் சேராமல் சர்க்கரையாக இரத்தத்திலேயே நின்று, உடம்பு தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிட்டதாம். மெலிந்தது அதனால்தான். அவ்வளவு தண்ணீர் குடித்ததும் அதனால்தான். நான் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடிய ஒன்பது கிலோவும் அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் தெளிந்தாள். ஊசியும் குழாயுமாக இருந்த கையை உயர்த்திப் பார்த்தாள். “அம்மா, நான் ஒல்லியாயிட்டேனா?” என்று கேட்டாள். “ஆமாடி கண்ணு” என்றேன். சிரித்தாள். “அத்தைக்கு என்னை அடையாளமே தெரியாதுல்ல” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முடிந்துவிட்டது.

கடைக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், போகவில்லை. பாதை நாளைக்குத் திறக்கும் என்கிறார்கள். கோவாலி ஐயா மேலேயே மாட்டிக்கொண்டிருப்பதால், இங்கிருந்து முதலில் கிளம்பும் வேன் டிரைவரிடம் இதைக் கொடுக்கிறேன். நான் இதை அவர் வாயால் சொல்ல வேண்டாம் என்றேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் குண்டாக்கினீர்கள் என்றேன். நீங்கள்தான் பார்த்தீர்கள். ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு ஒரு கடிதத்தை வைத்தே பார்த்தீர்கள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்க்கவில்லை. துமெலோ மெலிவதைப் பார்த்துக்கொண்டே பறிகொடுத்தேன். இவள் மெலிவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பறிகொடுத்தேன். இனி எனக்கு ஈடு என்று ஒன்றும் வராது. வரவும் வேண்டாம்.

இன்று காலை அவளுக்கு உடுப்பு எடுக்கக் கடைக்குப் போனேன். வெள்ளை உடுப்பு. கடைக்காரி வயதைக் கேட்டாள். பதினொன்று என்றேன். பதினொரு வயதுக்கு உள்ளதை எடுத்துப் போட்டாள். அது சின்னது என்றேன். பெரிய பெண்களுக்கானதை எடுத்தாள். அது பெரியது என்று தோன்றியது. பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. “பிள்ளையக் கூட்டிட்டு வாங்களேன்மா, போட்டுப் பாத்துடலாம்” என்றாள் அந்தப் பெண். வெளியே வந்துவிட்டேன்.

நாளெல்லாம் முகம் தெரியாத பிள்ளைகளுக்கு அளவு பார்த்துத் தைக்கிறவள் நான். என் பிள்ளையின் அளவு எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீங்கள் வந்து சொல்லுங்கள். அதுவரை அவளை ஆஸ்பத்திரிப் போர்வையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மதுமெலோ